கேத்தரின் ராணியின் மாதுளையைக் கறுப்பு நூலில் தைப்பது எப்படி

வெள்ளைத் துணியில் கறுப்பு நூலால் கட்டம் எண்ணித் தைக்கும் வேலைக்கு இங்கிலாந்தில் 'ஸ்பானிஷ் வேலை' என்று ஒரு பெயர் உண்டு. 1501-இல், பதினைந்து வயதில், ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வந்த கேத்தரினோடு சேர்த்தே அதைச் சொல்வார்கள். கறுப்பு நூல் வேலை அங்கே அவருக்கு முன்பும் இருந்தது. அதற்கு மவுசு கூடியது அவர் காலத்தில்.

என் தையல் வகுப்பில் இதைச் சொல்லித் தரும்போதெல்லாம் அவர் கதையையும் சேர்த்தே சொல்வேன். 'இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி தள்ளிவைத்த முதல் மனைவி' என்று ஒரே வரியில் அவரை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுப்பதில்லை. ஸ்பெயினின் காஸ்டீல் பகுதியை ஆண்ட அம்மா இசபெல்லா தன் பெண்களுக்கு லத்தீனோடு நூற்கவும் நெய்யவும் தைக்கவும் கற்றுக்கொடுத்தார். அப்படிப் பழகிய கை கேத்தரினுடையது.

சரி, வேலைக்கு வருவோம். கட்டம் தெளிவாகத் தெரியும் வெள்ளை மேட்டி துணி ஒரு சாண், ஆங்கர் கம்பெனியின் 403-ஆம் எண் கறுப்பு நூல் ஒரு கட்டு, முனை மழுங்கிய ஊசி, ஒரு வளையம், கிராஃப் தாள். கூர்மையான ஊசி வேண்டாம், அது போட்ட தையலின் நூலையே பிளந்துவிடும். நூலில் ஆறு இழை இருக்கும். இரண்டை மட்டும் பிரித்து, முழங்கை நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

நூலை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்காமல் தொடங்காதீர்கள். ஒருமுறை மலிவாகக் கிடைத்ததென்று ஏதோ ஒரு கறுப்பு நூலில் ஒரு மேசைவிரிப்பு முழுக்கத் தைத்தேன். முதல் அலசலிலேயே மை கொட்டியது போல ஆகிவிட்டது. பதினாறாம் நூற்றாண்டுக்காரர்களுக்கு வேறு கஷ்டம். பட்டு நூலைக் கறுப்பாக்க அவர்கள் சேர்த்த இரும்புச் சத்து காலப்போக்கில் நூலையே அரித்துவிட்டது. நூல் போய் ஊசித் துளை மட்டும் மிஞ்சிய பழைய துணிகள் உண்டு.

இனி தையல். சாதாரண ஓட்டுத் தையல்தான். போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவே. இரண்டு கட்டம் மேலே, இரண்டு கட்டம் அடியில் என்று போங்கள். கோடு முடிந்ததும் அதே துளைகள் வழியாகத் திரும்பி, விட்ட இடங்களை நிரப்புங்கள். திரும்பும்போது ஊசி ஏற்கனவே போட்ட தையலுக்கு மேல்பக்கமாக ஏறி, அடுத்ததன் கீழ்பக்கமாக இறங்கட்டும். எல்லாத் துளையிலும் இதே ஒழுங்கு இருந்தால் கோடு நேராக நிற்கும். மாற்றினால் பல்லுப் பல்லாகத் தெரியும். கர்நாடகத்துக் கசூதி எம்பிராய்டரியில் கவந்தி என்பதும் இதே தையல்தான்.

பின்பக்கமும் முன்பக்கம் போலவே வருவதுதான் இதன் அழகு. அந்தக் காலச் சட்டையின் கழுத்துப் பட்டியும் மணிக்கட்டுப் பட்டியும் சுருக்கம் வைத்து மடிந்து நிற்கும், இரண்டு பக்கமும் கண்ணில் படும். அதனால்தான் அந்த இடங்களுக்கு இந்தத் தையல். ஹோல்பைன் வரைந்த ஜேன் சீமோர் ஓவியத்தின் மணிக்கட்டுப் பட்டியைப் பாருங்கள், இந்த வேலை துல்லியமாகத் தெரியும். அந்த ஓவியராலேயே தையலுக்கு ஹோல்பைன் தையல் என்று பெயர். ஜேன், ஹென்றியின் மூன்றாவது மனைவி.

மாதுளை கேத்தரினின் சின்னம். கிரானடா என்றாலே ஸ்பானிஷில் மாதுளை. அவருக்கு ஆறு வயதாக இருக்கும்போது, 1492-இல், பெற்றோர் அந்த நகரத்தைப் பிடித்தார்கள். நிறைய முத்துகள் கொண்ட பழம், நிறையப் பிள்ளைகளுக்கான ஆசியும்கூட. 1511 புத்தாண்டு நாளில் பிறந்த ஆண் குழந்தை 52 நாளில் போய்விட்டது. பெற்றதில் மேரி ஒருத்திதான் பிழைத்து வளர்ந்தாள். இதைச் சொல்லாமல் நான் யாருக்கும் அந்த முத்துகளைத் தைக்கக் கற்றுக்கொடுத்ததில்லை.

முதலில் கிராஃப் தாளில் வரையுங்கள்; தாளில் ஒரு கட்டம், துணியில் ஒரு தையல். பழத்துக்கு எட்டுப் பக்க உருவம், பக்கத்துக்கு நான்கு தையல்: மேலும் கீழும் கிடையாக, இரு ஓரமும் நேராக, நான்கு மூலையும் சாய்வாக. மேல்விளிம்பின் இரண்டு ஓரத்திலிருந்தும் நேராக மேலே இரண்டு தையல். அவற்றை இணைக்க இறங்கி, ஏறி, இறங்கி, ஏறி நான்கு சாய்வுத் தையல். மூன்று முனைக் கிரீடம் வந்துவிடும். அப்புறம் பழம் பிளந்த இடம். கீழ்விளிம்பின் நடுவிலிருந்து மேலே மூன்று தையல், அதன் முனையில் பக்கத்துக்கு மூன்று சாய்வுத் தையலாக ஒரு வைரம். அதற்குள் சாய்வாக இந்தப் பக்கம் இரண்டு கோடு, அந்தப் பக்கம் இரண்டு கோடு. ஒன்பது முத்து.

தைக்கும்போது கிளை வரும் இடத்தில் (கிரீடமோ வைரத்தின் தண்டோ சுற்றுக்கோட்டிலிருந்து பிரியும் இடம்) நின்று, அந்தக் கிளைக்குள் போய்த் திரும்பி வந்து, பிறகு சுற்றுக்கோட்டைத் தொடருங்கள். கிளையைக் கடைசிக்கு விட்டால் பின்பக்கம் நூல் குறுக்கே ஓடும். சுற்று முப்பத்திரண்டு தையல்; முழுவதும் சுற்றி வந்ததும் ஊசி புறப்பட்ட துளையில் மேலே நிற்கும். அங்கிருந்து வந்த வழியே திரும்புங்கள்.

முடிச்சு எங்கும் போடாதீர்கள். விரல் நீளம் நூல் விட்டுத் தொடங்கி, கடைசியில் அந்த நுனியை நாலைந்து தையலுக்கு அடியில் கோத்து வெட்டுங்கள்.

1513-இல் ஹென்றி பிரான்சில் போரில் இருக்க, கேத்தரின் நாட்டுப் பொறுப்பைப் பார்த்தார். கொடிகளும் சின்னங்களும் தயாரிப்பதில் தலைக்கு மேல் வேலை என்று அப்போது அரசரின் ஆலோசகர் உல்சிக்கு எழுதினார். அடுத்த மாதம் ஃபிளாடன் போரில் ஸ்காட்லாந்து அரசர் மாண்டார். 1529-இல், திருமணத்தை ரத்து செய்ய ஹென்றி கேட்ட வழக்குக்காக உல்சியும் போப் அனுப்பிய கம்பெஜ்ஜோவும் தேடி வந்தபோது, தோழிகளோடு வேலையாக இருந்தவர் கழுத்தில் வெள்ளை நூல் சிட்டத்தோடு எழுந்து வந்தார். உல்சி லத்தீனில் ஆரம்பிக்க, இங்கிலீஷிலேயே பேசுங்கள் என்றார். லத்தீன் தெரியாமல் அல்ல. மறு வருஷமும் ஹென்றியின் சட்டைத்துணி அவரிடம்தான் தைக்கப் போனது. அது தெரிந்து, ஹென்றி அடுத்து மணக்கவிருந்த ஆன் பொலின் கொதித்துப்போனார்.

தைத்து முடித்த துணியைக் குளிர்ந்த நீரில் அலசி, துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டு இஸ்திரி போடுங்கள். சட்டையின் மணிக்கட்டுப் பட்டிக்கு என்றால் மூன்று மாதுளைகளை வரிசையாக, நடுவில் நான்கு தையல் இடம் விட்டுத் தைக்கலாம். பீட்டர்பரோ தேவாலயத்தில் அவர் கல்லறைக்கு வருகிறவர்கள் இன்றும் மாதுளம்பழம் கொண்டுவந்து வைக்கிறார்கள். அங்கே பொன்னெழுத்தில் 'கேத்தரின், இங்கிலாந்தின் ராணி' என்றே இருக்கிறது.