அன்டார்க்டிகாவை வானிலிருந்து பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஆண்டுதோறும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அதாவது தென்கோளத்தின் கோடைக்காலத்தில், மெல்போர்ன், சிட்னி போன்ற ஆஸ்திரேலிய நகரங்களிலிருந்து சில பயணிகள் விமானங்கள் தெற்கு நோக்கிப் புறப்பட்டு, அன்டார்க்டிகாவின் மீது சில மணி நேரம் வட்டமிட்டு, எங்கும் தரையிறங்காமல் அன்றிரவே புறப்பட்ட ஊருக்குத் திரும்பிவிடுகின்றன. குவான்டாஸ் நிறுவனம் 1977 பிப்ரவரியில் தொடங்கிய இந்தச் சுற்றுலா, இடையில் பல ஆண்டுகள் நின்றுபோய், 1994-இல் மறுபடி தொடங்கியது. அது ஏன் நின்றது என்பதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் பயணச்சீட்டு வாங்கும்போதே நேரும் தவறுகளைப் பார்த்துவிடலாம்.

இருக்கையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மற்றப் பயணங்களில் எந்த இருக்கையானாலும் ஊர் போய்ச் சேர்வோம். இதிலோ போய்ச் சேர ஊரே இல்லை, ஜன்னல் மட்டுமே உண்டு. இவ்விமானங்களில் ஒவ்வொருவருக்கும் இரண்டு இருக்கை எண்கள் தரப்பட்டு, பயணத்தின் பாதியில் ஜன்னலோரம் இருப்பவர்களும் நடைபாதையோரம் இருப்பவர்களும் இடம் மாறிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் நடுவரிசையின் மலிவான இருக்கைகளுக்கு இந்த மாற்றம் கிடையாது. அவற்றை வாங்கியவர்கள் அடுத்தவர் தோளுக்கு மேலே எட்டித்தான் பார்க்க வேண்டும். அவற்றைவிடச் சற்றுக் கூடுதல் விலையுள்ள சில இருக்கைகள் இறக்கைக்கு நேராக அமைந்திருப்பதால், கீழே பார்த்தால் பாதிக் காட்சியை இறக்கையே மறைத்துவிடும். இவ்வளவு பெரிய தொகையைக் கொடுக்கத் துணிந்தவர் இந்த இடத்தில் மிச்சம் பிடிப்பது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

பனிப்பிரதேசத்துக்குப் போவதாக எண்ணித் தடித்த உடைகளைச் சுமந்து வருவதும் வழக்கமாக நடக்கிறது. விமானத்தின் உள்ளே எப்போதும்போன்ற வெப்பநிலைதான் இருக்கும். வேண்டியதெல்லாம் மெல்லிய, கறுப்பு அல்லது கருநீல நிறச் சட்டை ஒன்று. நிறத்தைச் சொல்வதற்குக் காரணம் பிறகு வரும். புறப்பட்ட நாட்டிலேயே வந்திறங்குவதால் இது உள்நாட்டுப் பயணமாகவே கருதப்படுகிறது. குடிவரவுச் சோதனை இல்லை, புகைப்படமுள்ள அடையாள அட்டை போதும். பயணம் 12 முதல் 14 மணி நேரம் வரை நீளக்கூடும் என்பதால், அன்றிரவே வேறு ஊருக்குத் தொடர்விமானம் பதிவு செய்து வைப்பது வீண் பதற்றத்தை விலைக்கு வாங்குவதாகும்.

குறிப்பிட்ட ஒரு மலையையோ ஆய்வு நிலையத்தையோ பார்த்தே தீர வேண்டும் என்ற பிடிவாதத்துடன் போகிறவர்கள் ஏமாறுவார்கள். முன்கூட்டியே வகுத்து வைத்த பல தடங்களுள், அன்றைய தினம் எந்தப் பகுதியில் மேகம் குறைவாக இருக்கிறதோ அதையே விமானிகள் தேர்ந்தெடுக்கிறார்கள். தென்துருவத்தின் மேலேயே பறப்பதாக நினைப்பதும் தவறு. கடலோரப் பகுதிகளே இப்பயணத்தின் எல்லை. பென்குயின்களைத் தேடுவதும் பயனற்றது. சுமார் 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு பறவையைக் கண்ணால் காண முடியாது. பேரரசப் பென்குயின்களின் குடியிருப்புகளைச் செயற்கைக்கோள் படங்களில் தேடும் ஆய்வாளர்களே, பனியின் மீது படிந்த எச்சத்தின் பழுப்புக் கறையை வைத்துத்தான் அவற்றைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இனி ஒளிப்படம். கீழே பரந்து கிடக்கும் வெண்மையைக் கேமராவின் ஒளிமானி சராசரிச் சாம்பல் நிறமாக்கிவிடப் பார்க்கும். அதனால் ஒளியளவை (எக்ஸ்போஷர்) ஒரு படியோ ஒன்றரைப் படியோ கூட்டி வைக்காவிட்டால், வீட்டுக்கு வந்து பார்க்கும்போது பனியெல்லாம் அழுக்கு வேட்டியாகத் தெரியும். வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கலாம் என்று ஒளிமுனைவு வடிகட்டியை (போலரைசர்) லென்ஸில் பொருத்துவது இன்னொரு பிழை. விமான ஜன்னல் கண்ணாடியல்ல, பிளாஸ்டிக். அதிலுள்ள இறுக்கங்கள் அந்த வடிகட்டி வழியாக வானவில் பட்டைகளாகப் படமெங்கும் படரும். லென்ஸை ஜன்னலில் அழுத்தி வைத்தால் விமானத்தின் அதிர்வு படத்தில் ஏறிவிடும். விலக்கிப் பிடித்தாலோ உங்கள் சட்டையே ஜன்னலில் பிரதிபலிக்கும். கறுப்புச் சட்டை அணியச் சொன்னது இதற்காகத்தான். ஜன்னலின் அடிப்பகுதியில் குண்டூசித் தலையளவு துளை ஒன்று இருப்பதையும், அதைச் சுற்றிச் சில நேரம் மெல்லிய பனிப்பூக்கள் பூத்திருப்பதையும் கவனியுங்கள். அழகுதான், ஆனால் கேமராவின் தானியங்கிக் குவியம் வெளியே இருக்கும் மலையை விட்டுவிட்டு அந்தப் பூவைப் பிடித்துக்கொள்ளும். போயிங் 787 விமானமாக இருந்தால் ஜன்னலுக்குத் திரைக்குப் பதிலாகப் பொத்தான் இருக்கும். அதை முழுத் தெளிவில் வைக்காவிட்டால் எல்லாப் படத்திலும் நீலம் ஏறும்.

அந்தப் பக்கம் ஏதோ தெரிகிறது என்று யாரோ கூவியதும் இருக்கையை விட்டு ஓடுவது தேவையற்றது. இருபுறத்தாரும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே விமானிகள் எட்டு வடிவில் வளைந்து பறக்கிறார்கள். ஓடிப்போனவர் திரும்பி வருவதற்குள் அதே காட்சி அவருடைய சொந்த ஜன்னலைக் கடந்து போயிருக்கும்.

வரைபடத்தைப் பாராமல் விமானம் ஏறுவது, என் கணிப்பில், கேமரா பிழைகள் எல்லாவற்றையும்விடப் பெரியது. காமன்வெல்த் விரிகுடாவுக்குக் கிழக்கே மெர்ட்ஸ், நின்னிஸ் என்று இரண்டு பனியாறுகள் கடலில் இறங்குகின்றன. மேலிருந்து பார்த்தால் அவற்றின் முதுகில் நகக்கீறல்கள் போல நெருக்கமாக நீலக் கோடுகள் ஓடும். அவை ஒவ்வொன்றும் ஆழம் காண முடியாத பனிப்பிளவு. இருவருடைய பெயர்கள் அவை. 1912 டிசம்பரில் ஆஸ்திரேலிய ஆய்வுப்பயணி டக்ளஸ் மாசனின் பயணக்குழுவைச் சேர்ந்த நின்னிஸ், சறுக்குவண்டியோடும் நாய்களோடும் உணவில் பெரும்பகுதியோடும் அப்படிப்பட்ட ஒரு கோட்டுக்குள் விழுந்து மறைந்தார். குழுவில் இருந்த மெர்ட்ஸ் திரும்பும் வழியில் இறந்தார். மாசன் மட்டும் தனியாளாகத் தங்குமிடம் வந்து சேர்ந்தார். இதை அறியாதவருக்குக் கீழே தெரிவது வெறும் கோலம்தான்.

அந்தக் கோடுகள் கீறல்களாகத் தோன்றுவதற்கு நம் கண்ணே காரணம். மரமோ வீடோ சாலையோ இல்லாத நிலத்தில் ஒன்றின் அளவை மற்றொன்றோடு ஒப்பிட வழியில்லை; காற்றும் தூசியற்றிருப்பதால் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சிகரம் பக்கத்து மலைபோலத் தெரியும். பல கிலோமீட்டர் நீளமுள்ள தட்டைப் பனிப்பாறை சர்க்கரைக் கட்டியாகத் தோன்றும். நிழலைப் பார்க்கப் பழகுவதே இதற்கு மாற்று. அங்கே சூரியன் தாழ்வாகவே நிற்பதால் பாறைகளின் நிழல் நீண்டு விழுந்து, உயரத்தையும் சரிவையும் காட்டிக்கொடுக்கும். மேகம் மூடினால் நிழல் அழிந்து, மேடும் பள்ளமும் ஒரே வெள்ளைத் தாளாகிவிடும்.

‘இன்னும் கொஞ்சம் தாழ்வாகப் பறந்தால் என்ன?’ என்று முணுமுணுப்பவர்கள் எல்லாப் பயணத்திலும் உண்டு. 1979 நவம்பர் 28 அன்று ஏர் நியூசிலாந்தின் 901-ஆம் விமானம் தாழ்வாகத்தான் பறந்தது. சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்சி தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக அப்படிப் பறப்பது அக்காலத்தில் வழக்கமாகியிருந்தது. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு கணினியிலிருந்த வழித்தட எண்கள் திருத்தப்பட்டதை விமானிகளிடம் யாரும் சொல்லவில்லை. மக்மர்டோ நீரிணையின் சமதளக் கடற்பனிமேல் போவதாக அவர்கள் நம்பியிருக்க, விமானமோ 3,794 மீட்டர் உயரமுள்ள எரெபஸ் எரிமலையை நோக்கிச் சுமார் 450 மீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. மேலே வெண்மேகம், எதிரே நிழல் விழாத வெண்சரிவு. இரண்டும் ஒன்றாகிவிட்டதால் எதிரில் மலை இருப்பதே கண்ணுக்குப் புலப்படவில்லை. விமானத்திலிருந்த 257 பேரும் இறந்தார்கள். விபத்து நடந்த இடத்தில் மீட்கப்பட்ட பயணிகளின் படச்சுருள்களைக் கழுவிப் பார்த்தபோது, அவர்கள் எடுத்த கடைசிப் படங்களிலும் ஜன்னலுக்கு வெளியே காட்சி நன்றாகவே தெரிந்தது.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இந்தச் சுற்றுலா நின்றுபோனதற்குக் காரணம் அதுவே. இன்று பறக்கும் விமானங்கள் கடல்மட்டத்திலிருந்து 10,000 அடிக்குக் கீழே இறங்குவதில்லை. நிலத்தின் மேலே பறந்தால், சுற்றிலும் 100 கடல்மைல் தொலைவுக்குள் உள்ள மிக உயர்ந்த இடத்துக்கும் 2,000 அடி மேலேதான் இருக்க வேண்டும். கீழே மேகம் மூடிக் கிடந்தால், அதைத் துளைத்துக்கொண்டு இறங்கிக் காட்டும்படி பணிப்பெண்ணிடம் கேட்டுப் பயனில்லை. விமானி அடுத்த தடத்துக்குத் திரும்பிவிடுவார்.