வாய்க்கால் சின்னக் கெண்டை மீன இனம் பிரிக்கிறது எப்படி

உன்னிச்சைக் குளத்துத் துருசடியிலயோ (மதகடி) அம்பாறைப் பக்கம் வயல் வாய்க்காலுலயோ கூட்டமாப் போற சின்ன மீனெல்லாம் ஒண்டுதான் எண்டு நினைக்காதீங்க, ஒரு கண்ணாடிப் போத்தலுல தண்ணியோட அள்ளி வெளிச்சத்துல பக்கவாட்டுல வடிவாப் பாருங்க, கையால புடிச்சு வெச்சிருக்காதீங்க, செதில் கழண்டா மீன் தப்புறது கஷ்டம்.

முதல்ல மீசையப் பாருங்க. நெஞ்சுச் செட்டையையும் தாண்டி நீளமா மீசை கிடந்தா அது எசோமஸ் (இதுவும் கீழ வாற ரெண்டும் விஞ்ஞானப் பேர்), வயலுலயும் புல்லு மண்டின ஓட்டமில்லாத தண்ணியிலயும் மேலாலதான் திரியும். மீசையே இல்லாம, உடம்பு நீளமா, பக்கத்தால வால் வரைக்கும் ஒரு கறுத்தக் கோடு ஓடினா ராஸ்போரா டன்டியா. கோடில்லாம வாலுக்குக் கொஞ்சம் முன்னுக்குப் பெரிய கறுத்தப் பொட்டு, வால் நுனியில சிவப்பும் கறுப்பும் இருந்தா டாக்கின்சியா சிங்கள, வளந்த ஆணுக்கு முதுகுச் செட்டையில நூல் மாதிரி நீண்டிருக்கும், எனக்கு இதுதான் எல்லாத்திலயும் வடிவு. ஆனா இதுட குஞ்சுக்குப் பொட்டோட கறுத்தப் பட்டியும் இருக்கும், அதால சின்னனுகள வெச்சு முடிவெடுக்காதீங்க.

முதுகுச் செட்டை நீளமா முள்ளு முள்ளா இருந்தா அது திலாப்பியாக் குஞ்சா இருக்கலாம், கெண்டைச் சாதியே இல்ல.

பாத்து முடிஞ்சதும் அள்ளின இடத்துலயே விடுங்க, வேற குளத்துல ஊத்தவே ஊத்தாதீங்க.