‘ரிடீமிங் லவ்’ நாவலைப் பற்றிப் பேசும்போது சறுக்கும் இடங்கள்

ஃபிரான்சின் ரிவர்ஸ் எழுதிய ‘ரிடீமிங் லவ்’ நாவலைப் படித்த இருவரை ஓர் அறையில் உட்காரவைத்துப் பாருங்கள். கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போகும். “என் விசுவாசத்தை மீட்டுக் கொடுத்த புத்தகம்” என்பார் ஒருவர். “பெண்ணை அடக்கி வைப்பதற்குப் பக்திச் சாயம் பூசிய புத்தகம்” என்பார் மற்றவர். கிறிஸ்தவ வரலாற்றுக் காதல் நாவல்களில் வாசகர்களை இவ்வளவு தெளிவாக இரண்டாகப் பிளந்த இன்னொன்றை நான் படித்ததில்லை. கருத்து வேறுபடுவது நல்லதுதான். ஆனால் இந்தச் சண்டையில் பாதி, நாவலைப் பற்றியதே அல்ல என்பது என் எண்ணம்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1850-ஆம் ஆண்டின் கலிபோர்னியா. தங்கம் தேடி வந்தவர்கள் மொய்க்கும் ஓர் ஊரில் விலைமகளாக இருக்கிறாள் ஏஞ்சல். எட்டு வயதில் விற்கப்பட்டவள். அவளையே மணக்க வேண்டும் என்று கடவுள் தன்னிடம் சொன்னதாக நம்புகிறான் மைக்கேல் ஹோசியா என்ற விவசாயி. மணக்கிறான், அவள் ஓடுகிறாள், அழைத்து வருகிறான், மறுபடியும் ஓடுகிறாள். பழைய ஏற்பாட்டில் கடவுள் சொன்னபடி சோரம்போன பெண்ணை மணந்த ஓசியா தீர்க்கதரிசி, அவர் மனைவி கோமேர் கதைதான் அடித்தளம். முடிவையும் கீழே பேசப்போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் தவறு மிகச் சாதாரணமானது. எதைப் படித்தோம் என்று சொல்லாமலே பேச ஆரம்பிப்பது. ரிவர்ஸ் தொடக்கத்தில் பொதுச் சந்தைக்கான காதல் நாவல்களை எழுதியவர். 1986-இல் விசுவாசத்துக்கு வந்தார். அதன் பிறகு எழுதிய முதல் நாவல் இது. 1991-இல் பேன்டம் என்ற பொதுப் பதிப்பகம் வெளியிட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, திருத்தப்பட்ட வடிவத்தை மல்ட்னோமா என்ற கிறிஸ்தவப் பதிப்பகம் கொண்டுவந்தது. இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது இந்த இரண்டாவது. பழைய புத்தகக் கடையில் முதலாவதைக் கண்டெடுத்தவரும் புதியதைப் படித்தவரும், “இவ்வளவு பச்சையாக எழுதலாமா?” என்பதைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடினால் இருவர் சொல்வதும் சரியாக இருக்க வாய்ப்புண்டு. மூன்றாவதாக ஒரு கூட்டமும் சேர்ந்துவிட்டது: 2022-இல் வெளியான திரைப்படத்தைப் பார்த்துவிட்டு நாவலைத் தீர்ப்பிடுபவர்கள். திரைக்கதையில் ரிவர்ஸுக்கும் பங்குண்டு என்றாலும், ஏஞ்சலின் மனத்துக்குள் நடக்கும் நீண்ட மல்லுக்கட்டை இரண்டு மணி நேரச் சொச்சத்துக்குள் அடக்க முடியாது.

அடுத்தது, நானே செய்த தவறு. “கிறிஸ்தவ நாவல்தானே” என்ற நம்பிக்கையில் கிறிஸ்துமஸ் பரிசாக அக்காள் மகளுக்கு இதை வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கு அப்போது 14 வயது. புத்தாண்டு ஆராதனை முடிந்த கையோடு அக்காள் தொலைபேசியில் அழைத்து, “நீ இதை முழுதாகப் படித்தாயா?” என்று மட்டும் கேட்டாள். அவ்வளவுதான், வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எனக்குப் போதுமானதாக இருந்தது. குழந்தையை விற்பது, வன்புணர்ச்சி, கட்டாயக் கருக்கலைப்பு, இன்னும் சொல்லக் கூசும் ஒரு பழிவாங்கல் எல்லாம் இந்தக் கதையில் இருக்கின்றன. ஆசிரியர் அவற்றைக் கிளுகிளுப்புக்காக எழுதவில்லை. ஆனாலும் 14 வயதுப் பெண்ணிடமோ, அத்தகைய காயத்தைத் தானே சுமப்பவரிடமோ இந்தப் புத்தகத்தைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்வது கடமை. கிறிஸ்தவ நாவல் என்ற வகைப்பெயர், கதை எதை நம்புகிறது என்பதைத்தான் சொல்லும். எந்த வயதுக்கு ஏற்றது என்பதைச் சொல்லாது. ஓசியா புத்தகத்தையே எந்த ஓய்வுநாள் பள்ளியிலும் முதல் அதிகாரத்திலிருந்து வரிவரியாக நடத்துவதில்லையே!

இனி, சண்டையின் மையம்.

மைக்கேல் யார்? மனிதனா, கடவுளின் உருவகமா? வாசகர்களின் கருத்துகளைக் கேட்டால், பெரும்பாலோர் இந்த இரண்டுக்கும் இடையில் தமக்கு வசதியானபோது தாவிக்கொள்வது தெரியும். அவனைப் போற்றுபவர்கள், “இப்படி ஒரு கணவன் கிடைக்க வேண்டும்” என்கிறார்கள். அது மனிதனைப் பற்றிய பேச்சு. உடனே யாராவது, “அடித்துப் போடப்பட்டு, சுரணையில்லாமல் கிடப்பவள் ‘சரி’ என்று முனகியதைத் திருமணச் சம்மதமாக எடுத்துக்கொண்டானே, இது என்ன நியாயம்?” என்று கேட்டால், “ஐயோ, அவன் கடவுளின் அன்புக்கு உருவகம், அப்படிப் பார்க்கக் கூடாது” என்கிறார்கள். எதிரணியும் சளைத்ததல்ல. மைக்கேல் செய்வதையெல்லாம் இன்றைய கணவன் ஒருவனின் குற்றப்பட்டியலாக எழுதிவிட்டு, நாவலின் இறையியலை ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள்.

தமிழில் இதற்கு ஒரு பழைய கருவி இருக்கிறது. காதல் துறைகளை வரிசையாகக் கோத்துப் பாடும் கோவை என்ற இலக்கிய வகையில் இரண்டு தலைவர்கள் உண்டு. காதலித்து, யாருமறியாமல் களவில் கூடி, காதலியோடு ஊரைவிட்டுப் போகும் உடன்போக்கு நடத்துபவன் கிளவித் தலைவன். யார் புகழுக்காக அந்தப் பாட்டு பாடப்படுகிறதோ அவர் பாட்டுடைத் தலைவர். மாணிக்கவாசகரின் திருக்கோவையார் 400 பாடல்களிலும் தில்லைச் சிவன் பாட்டுடைத் தலைவர். காதலிக்கும் இளைஞன் வேறு ஆள். அவன் மடலேறுவேன், அதாவது பனைமடல் குதிரையேறி ஊரறியக் காதலைச் சொல்வேன் என்று மிரட்டினால் அது அவன் பாடு, சிவன்மேல் பழி விழாது. ‘ரிடீமிங் லவ்’ நாவலில் மைக்கேல் கிளவித் தலைவன், கர்த்தர் பாட்டுடைத் தலைவர். சிக்கல் எங்கே என்றால், மைக்கேலின் காதில் கர்த்தர் நேரடியாகப் பேசிக்கொண்டே இருக்கிறார். எனவே இரண்டு தலைவர்களுக்கும் நடுவே இருக்கும் கோடு அழிந்து அழிந்து தெரிகிறது. அந்தக் கோட்டை ஆசிரியர் எங்கே காப்பாற்றுகிறார், எங்கே கைவிடுகிறார் என்பதுதான் விவாதிக்க வேண்டிய கேள்வி. அதை விட்டுவிட்டு “மைக்கேல் நல்லவனா கெட்டவனா” என்று வாக்கெடுப்பு நடத்துகிறோம்.

எடுத்துக்காட்டாகப் பெயர்களைப் பாருங்கள். ஏஞ்சல் என்பது தொழிலில் ஒட்டிக்கொண்ட பெயர். மைக்கேல் அதை ஏற்காமல் அவளை மாரா என்கிறான். கசப்பு என்று பொருள், ரூத்தின் மாமியார் நகோமி தனக்கு வைத்துக்கொண்ட பெயர். பிறகு அமாண்டா என்கிறான். அதன் பிறகு திர்சா. விவிலியத்தில் கடவுள் பெயர் மாற்றுவார்: ஆபிராம் ஆபிரகாம் ஆனான், யாக்கோபு இஸ்ரவேல் ஆனான். உருவகமாகப் பார்த்தால் அழகு. ஆனால் மனிதனாகப் பார்த்தால், கேட்காமலே மனைவிக்குப் பெயர் சூட்டிக்கொண்டே போகும் கணவன். இரண்டு வாசிப்பும் அந்தப் பக்கங்களிலேயே இருக்கின்றன. ஒன்றைப் பார்த்தவர் மற்றதைப் பார்த்தவரைக் குருடர் என்று சொல்ல வேண்டியதில்லை.

“பைபிளில் இருப்பதைத்தானே எழுதியிருக்கிறார்” என்று வாயடைப்பவர்கள், பைபிளை எடுத்து ஓசியா புத்தகத்தின் 14 அதிகாரங்களை ஒருமுறை புரட்டினால் நல்லது. கோமேரின் திருமணமும் பிள்ளைகள் பிறந்ததும் முதல் அதிகாரத்தில் சில வசனங்களில் முடிந்துவிடும். மூன்று பிள்ளைகளுக்கும் தண்டனைத் தீர்ப்பு போன்ற பெயர்கள். மூன்றாம் அதிகாரம் மொத்தமே ஐந்து வசனம். அதில் ஓசியா 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து ஒரு பெண்ணைக் கொள்கிறார். அங்கே அவள் பெயர்கூட இல்லை, கோமேர்தானா வேறொருத்தியா என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். முழுப் புத்தகத்திலும் கோமேர் வாய்திறந்து பேசும் ஒரு வரியும் கிடையாது. அவள் ஏன் போனாள், திரும்பி வந்தபின் என்ன நினைத்தாள், ஒன்றும் தெரியாது. ஏஞ்சலின் குழந்தைப்பருவம், அவளுடைய கோபம், அவளுடைய ஏளனம் எல்லாம் ரிவர்ஸின் கற்பனை. நாவலின் பெரிய சாதனை என்று நான் நினைப்பதும் அதுதான்: ஊமையாக நின்றவளுக்கு வாய் கொடுத்தது. “அப்படியே பைபிள்” என்று சொல்வதால் ஆசிரியரின் உழைப்பும் மறைகிறது, வேதத்தின் மௌனமும் மறைகிறது.

இன்னொன்று. ஓசியாவின் இரண்டாம் அதிகாரத்தில், துரோகம் செய்த மனைவியாக இஸ்ரவேலை உருவகிக்கும் கடவுள், அவளை உரிந்து நிர்வாணமாக்குவேன் என்றும் அவள் வழியை முள்ளால் அடைப்பேன் என்றும் சொல்வதாக வருகிறது. இதோடு ஒப்பிட்டால் மைக்கேல் எவ்வளவோ சாது. இந்த வசனங்களைப் பற்றிக் கேள்வி எழுப்புவது விசுவாசமில்லாதவர்களின் வேலை என்று சிலர் பேசுகிறார்கள். ரெனிட்டா வீம்ஸ் என்ற விவிலிய அறிஞர் 1995-இல், எபிரெயத் தீர்க்கதரிசிகள் திருமணத்தையும் வன்முறையையும் பிணைத்துப் பேசும் விதத்தைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அவர் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர். கேள்வி திருச்சபைக்கு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை.

வரலாற்றைப் பற்றிய தவறுகள் இரண்டு வகை, இரண்டும் ஒரே அளவுக்கு எரிச்சலூட்டுபவை. ஒன்று, “அந்தக் காலத்தில் அப்படித்தான்” என்று எல்லாவற்றையும் மூடுவது. அந்தக் காலம் நாம் நினைப்பதுபோல் ஒரே நிறமாக இல்லை. திருமணமான பெண்ணின் சொத்து அவளுக்கே உரியது என்று கலிபோர்னியாவின் 1849 அரசியல் சாசனமே சொன்னது. அதே ஊர்களில் ஏஞ்சலைப் போன்ற சிறுமிகளின் விற்பனையும் நடந்தது. மற்றொன்று, நாவலைப் படித்துவிட்டுத் தங்க வேட்டைக் காலத்தையே அறிந்துகொண்டதாக நினைப்பது. 1848 ஜனவரி 24-இல் கொலோமாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டபின் ஆண்கள் வெள்ளமாக வந்தார்கள். 1850 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூடப் பெண்கள் இல்லை. ஒரு பெண்ணைப் பார்ப்பதற்கே சீட்டுக் குலுக்கும் ஊரை நாவல் நன்றாகக் காட்டுகிறது. ஆனால் அதே 1850-இல் அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள்மேல் மாதம் 20 டாலர் வரி விழுந்தது. பூர்வகுடிகளைப் ‘பாதுகாக்கும்’ பெயரில், அவர்களின் பிள்ளைகளையும் கூலியில்லா வேலைக்குப் பிடித்துக்கொள்ள வழிசெய்யும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் இருந்த பூர்வகுடி மக்கள் அடுத்த இருபது ஆண்டுகளில் முப்பதாயிரம் அளவுக்குச் சுருங்கினார்கள். மைக்கேல் உழும் நிலம் யாருடையதாக இருந்தது என்ற கேள்வி இந்தக் காதல் கதைக்குள் பெரிதாக நுழைவதில்லை. அதற்காக நாவலைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. “வரலாறு தத்ரூபம்” என்று ஐந்து நட்சத்திரம் போடுபவர் கொஞ்சம் யோசிக்கலாம்.

சாட்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. “சிறுவயதில் எனக்கு நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை, இந்தப் புத்தகத்தைப் படித்த இரவில்தான் அழுதேன்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மறுமொழியாக நாவலின் நடைக்குறைகளை எடுத்து வைப்பதைவிட அசட்டுத்தனம் வேறில்லை. அதேபோல், “இத்தனை பேர் மனந்திரும்பியிருக்கிறார்கள், நீ யார் குறை சொல்ல?” என்று சாட்சியைக் கேடயமாகத் தூக்குவதும் வேண்டாம். மைக்கேல் தேடி வரும் காட்சிகளைப் படிக்கும்போது, தன்னை விடாமல் துரத்திய ஒருவனின் முகம் நினைவுக்கு வந்து புத்தகத்தை மூடியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சாட்சிதான்.

கடைசியாக, பாதியில் நிறுத்திவிட்டுத் தீர்ப்பெழுதுவது. பிடிக்காத நாவலைப் பாதியில் மூட எல்லோருக்கும் உரிமை உண்டு. பாதியில் மூடினேன் என்று சொன்னால் போதும். இந்த நாவலில் அது கூடுதல் முக்கியம், ஏனென்றால் கடைசிப் பகுதி அதுவரை நடந்ததைத் திருப்பிப் போடுகிறது. ஏஞ்சல் கடைசி முறையாகப் பிரிந்துபோகிறாள், இம்முறை மைக்கேலின் நன்மைக்கு என்று நினைத்து. முன்பெல்லாம் பின்னாலேயே போய் ஆட்களை அடித்து வீழ்த்தி மீட்டுவந்தவன், இப்போது போகவில்லை. போகாதே என்பதே அவனுக்கு வந்த கட்டளை. மைக்கேலைத் தன் கடவுளாக வைத்திருந்தவள், அவன் இல்லாத சான் பிரான்சிஸ்கோவில் கடவுளைக் கண்டுகொள்கிறாள். தன்னைப் போன்ற பெண்களுக்கு ஒரு வீடும் அமைக்கிறாள். மூன்று ஆண்டுகள் ஓடுகின்றன. கிளவித் தலைவனைக் கதையிலிருந்து விலக்கி நிறுத்திவிட்டு, பாட்டுடைத் தலைவரை மட்டும் அவளிடம் அனுப்புகிறார் ஆசிரியர். அதற்கு முந்தைய முன்னூறு சொச்சம் பக்கங்களின் குறைகளை இது ஈடுகட்டுகிறதா என்பதில் நானும் அக்காளும் இன்னும் ஒத்துப்போகவில்லை. பின்னுரையில் பிள்ளைகளும் பிறந்து எல்லாம் சுபமாவது காதல் நாவல் வகைக்குக் கட்டும் வரி என்கிறாள் அவள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஆனால் ஏஞ்சல் தானாகவே திரும்பி வந்து மைக்கேலின் முன் நிற்கும் பக்கத்தை மட்டும் இருவரும் விட்டுக்கொடுப்பதில்லை. அங்கே, அவன் வைத்த எந்தப் பெயரையும் சொல்லாமல், சிறுமியாக இருந்தபோது தன் தாய் அழைத்த பெயரை முதல்முறையாக அவனிடம் சொல்கிறாள்: சாரா.