புதுத் தோட்டா நல்லதா? கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

நான் ராணுவத்தில் பல வருஷம் கோத்தில் வேலை பார்த்தவன். கோத் என்றால் பட்டாலியனின் ஆயுத அறை. 1990-களின் கடைசியில் எஸ்எல்ஆர் என்ற பழைய துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு இன்சாஸ் என்ற புதுத் துப்பாக்கியைக் கொடுத்தது என் கையால்தான். அதனால் காலிபர், அதாவது தோட்டாவின் அளவு, மாறுகிறது என்று செய்தி வந்தாலே உட்கார்ந்து கணக்குப் போடுவேன். நீங்களும் போடலாம்.

முதலில் எடை. இன்சாஸில் போடும் 5.56 மி.மீ. ரவுண்டு, அதாவது தோட்டா, ஒன்று சுமார் 12 கிராம். எஸ்எல்ஆரில் போட்ட 7.62×51 ரவுண்டு 24 கிராம். ஒரு ஜவானுக்கு 3 கிலோ ரவுண்டு என்று வைத்துக்கொண்டால் முதலாவதில் 250 வரும், இரண்டாவதில் 125தான். ரவுண்டு அடைக்கும் மேகசினின் எடை தனி.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்திலேயே நெஞ்சுக்கவசத்தைத் துளைக்க வேண்டும் என்று 2022-இல் 6.8×51 என்ற புது ரவுண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 5.56 போடும் பழைய எம்4 துப்பாக்கி வைத்திருந்தவர் 210 ரவுண்டு எடுத்துப் போனார், மேகசினோடு சுமார் 3.4 கிலோ. 6.8 போடும் புது எம்7 வைத்திருப்பவருக்கு 140 ரவுண்டுதான், எடையோ 4.4 கிலோ. சுமை கூடி, சுடுவதற்கு 70 ரவுண்டு குறைந்துவிட்டது. எனக்கு இது பெரிய இழப்பாகத்தான் படுகிறது.

அடுத்து, பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனில் இருக்கும் எல்எம்ஜி, அதாவது இலகு இயந்திரத் துப்பாக்கி, எந்த ரவுண்டு போடுகிறது என்று பாருங்கள். எங்கள் காலத்தில் எஸ்எல்ஆருக்கும் எல்எம்ஜிக்கும் ஒரே ரவுண்டு. அவசரத்துக்கு ஒருவர் மேகசினிலிருந்து உருவி இன்னொருவருக்குக் கொடுக்கலாம். இப்போது வரும் ஏகே-203 துப்பாக்கிக்கு 7.62×39, நெகேவ் என்ஜி7 எல்எம்ஜிக்கு 7.62×51. இரண்டும் 7.62தான், ஆனால் ஒன்றின் ரவுண்டு மற்றதில் போகாது. செய்தியில் வெறும் 7.62 என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். பின்னால் வரும் எண்ணைத் தேடுங்கள், அதுதான் தோட்டாக் கூட்டின் நீளம். ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பெட்டி எடுத்துக் கொடுத்தவனுக்குத்தான் அந்த எண்ணின் அருமை தெரியும்.

அப்புறம் தொழிற்சாலை. 6.8 ரவுண்டுக்கென்று லேக் சிட்டி என்ற அமெரிக்க ராணுவத் தோட்டாத் தொழிற்சாலையில் தனிக் கட்டடத்துக்கு 2025-இல்தான் வேலை தொடங்கியது. துப்பாக்கி ஒப்பந்தம் போட்டுக் கிட்டத்தட்ட மூன்று வருஷம் கழித்து!

கடைசியாக, யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அமெரிக்கர்கள் நேருக்கு நேர் சண்டையிடும் படைகளுக்கு மட்டும் 6.8 கொடுக்கிறார்கள், மற்றவர்களுக்கு 5.56 தொடர்கிறது. அது சரி. மலைமுகட்டில் காவல் நிற்பவருக்கு 7.62×51 கொடுங்கள், அவருக்குத் தூரம் தேவை. லாரி ஓட்டுபவருக்கும் சமையல்காரருக்கும் பழையதே போதும்.