சிறந்த ஆசிரியர் விருதுக் குழுவில் போட்டுவிட்டார்களா? இப்படி ஆரம்பியுங்கள்

செப்டம்பர் 5 நெருங்கினால் வேலூர், காட்பாடிப் பக்கம் கல்லூரிகளில் சால்வைக்கும் ஷீல்டுக்கும் ஆர்டர் பறக்கும். ராதாகிருஷ்ணன் நம்மூர் ஊரிசு கல்லூரியில் படித்தவர் என்பதையும் மேடையில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். யாருக்கு விருது என்பதை மட்டும் கடைசி வாரத்தில், சீனியாரிட்டி பார்த்து முடிவு செய்வார்கள்.

எங்கள் கல்லூரியில் இதை ஓரளவு ஒழுங்குபடுத்தினோம். முதல்முறை குழுவில் உட்காருபவர்களுக்காக அந்த முறையை எழுதுகிறேன். சுற்றறிக்கை, முதல்வர் ஒப்புதல் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. எதற்கு விருது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

கற்பித்தலுக்கு மட்டும். ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள ஆய்விதழ்க் கட்டுரை, நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) கோப்பு வேலை, என்.எஸ்.எஸ். முகாம் எதுவும் இதில் வேண்டாம். அவற்றைத் தனியாகப் பாராட்டிக்கொள்ளலாம். தேர்ச்சி சதவீதத்தையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால், பாதிப் பேர் அரியர் வைக்கும் துணைக் கணிதத் தாளை எடுப்பவருக்கு ஆயுசுக்கும் விருது கிடைக்காது.

2. பரிந்துரைப் படிவம்

மாணவர், சக ஆசிரியர், ஆசிரியர் தாமே என யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். கேள்வி ஒன்று போதும்: 'இவர் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்.' 'அன்பாகப் பழகுவார், நன்றாக நடத்துவார்' என்று வரும் படிவங்களை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எங்களுக்கு வந்ததில் ஒன்று: குடியாத்தத்திலிருந்து வரும் பேருந்து தினமும் எத்தனை மணிக்கு வருகிறது என்று மாணவர்களைக் குறித்துவரச் சொல்லி, அந்தக் கணக்கிலேயே திட்ட விலக்கத்தை நடத்தியிருக்கிறார் ஒரு புள்ளியியல் மேடம். இப்படி ஒரு வரி கிடைத்தால் மேற்கொண்டு எதைத் தேடவேண்டும் என்பது தெரிந்துவிடும்.

3. மாணவர் கருத்து (இங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்வது)

கூகுள் படிவம் வேண்டாம், தாளே மேல். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்று வைத்தால் லாகின் கேட்கும். மின்னஞ்சலைச் சேகரிக்காதவரை யார் எழுதியது என்பது நமக்குத் தெரியாதுதான். ஆனால் மாணவர்கள் அதை நம்ப மாட்டார்கள். இன்டர்னல் மதிப்பெண் கையில் இருக்கும் ஆசிரியரைப் பற்றி எவன் உண்மையை எழுதுவான்? வகுப்பிலேயே கால்மணி நேரம் கொடுங்கள். ஆசிரியர் வெளியே போய்விட வேண்டும். வகுப்புப் பிரதிநிதி தாள்களை உறையில் போட்டு எல்லார் முன்னாலும் ஒட்டட்டும்.

அடுத்தது சராசரி. எம்.எஸ்சி. வகுப்பில் 12 பேர். அதில் 4 பேர் மட்டும் எழுதி, ஆளுக்கு 5-க்கு 5 போட்டால் சராசரி 5.0. பி.காம். வகுப்பில் 70 பேரில் 63 பேர் எழுதி 4.2 வருகிறது. எக்செல்லில் வரிசைப்படுத்தினால் எம்.எஸ்சி. வகுப்பு ஆசிரியர்தான் மேலே நிற்பார். அந்த 12 பேருமே எழுதினாலும் சிக்கல் தீராது: இரண்டு பேர் 5-க்குப் பதில் 2 போட்டால் சராசரி அரைப் புள்ளி சரியும். 60 பேர் எழுதும் வகுப்பில் அதே இரண்டு பேரால் 0.1 தான் சரியும்.

அதனால் சராசரியை ஒதுக்கிவிட்டு, எத்தனை பேர் எழுதினார்கள், 1 முதல் 5 வரை ஒவ்வொன்றையும் எத்தனை பேர் போட்டார்கள் என்பதை மட்டும் பாருங்கள். எண்ணைவிட எழுத்தில் இருப்பதற்கு மதிப்பு அதிகம். இன்னொன்று, மாணவர் மதிப்பீட்டில் பாரபட்சமும் உண்டு. அமெரிக்காவில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், இணையவழிப் பாடம் எடுத்தவர் ஆண் என்று மாணவர்கள் நினைத்தபோது கூடுதலாகவும், பெண் என்று நினைத்தபோது குறைவாகவும் மதிப்பெண் போட்டார்கள். உண்மையில் பாடம் எடுத்தவர் எந்தப் பாலினம் என்பது கணக்கிலேயே வரவில்லை.

4. வகுப்பில் போய் உட்காருங்கள்

வேறு துறையிலிருந்து இரண்டு பேர், முன்கூட்டியே சொல்லிவிட்டு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்துப் பையனின் நோட்டைப் பாருங்கள், நிறையத் தெரியும்.

5. கோப்பு

பரிந்துரைக்கப்பட்ட ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு: மூன்று பக்கம், அதோடு ஆதாரங்கள். சான்றிதழ் ஜெராக்ஸ்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எனக்குப் பிடித்த ஆதாரம் ஒரே மாணவரின் முதல் இன்டர்னல் விடைத்தாளும் மூன்றாவது விடைத்தாளும், பெயரை மறைத்து, பக்கத்தில் பக்கத்தில். தமிழ் வழியில் பள்ளி முடித்துவந்த பெண் முதல் தாளில் இரண்டு வரியோடு நிறுத்தியிருக்கிறாள். ஓரத்தில் சிவப்பு மையில், 'தமிழிலேயே யோசித்து எழுது, அப்புறம் மாற்றலாம்.' மூன்றாவது தாளில் ஒன்றரைப் பக்கம். பரிந்துரைக் கடிதங்கள் எத்தனை இருந்தாலும் இதற்கு ஈடாகாது.

இந்தக் கோப்பு வெளியேயும் உதவும். 1958-இல் தொடங்கிய தேசிய நல்லாசிரியர் விருது, 2023-இல்தான் உயர்கல்வி ஆசிரியர்களுக்கும் விரிந்தது. அந்த ஆண்டு 75 பேரில் 13 பேர் அவர்கள். ரொம்பத் தாமதம் என்பேன்.

6. முடிவு

பேச ஆரம்பிக்கும் முன்பே ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் எழுதி மடித்துக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மூத்தவர் முதலில் வாயைத் திறந்ததும் கதை முடிந்தது. தன் துறை ஆசிரியர் பெயர் வரும்போது துறைத்தலைவர் எழுந்து வெளியே போகட்டும். மேடையில் 'சீரிய பணிக்காக' என்று வாசிக்காமல், பேருந்துக் கணக்கு போலச் செய்ததைச் சொல்லி வாசியுங்கள்.

பின்சேர்க்கை: கௌரவ விரிவுரையாளர்களை (தற்காலிக ஆசிரியர்களை) இந்த விருதுக்குச் சேர்க்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். கட்டாயம் சேர்க்க வேண்டும். 'ஐந்தாண்டுப் பணி' என்ற விதியைத் தூக்கிவிட்டு, 'இரண்டு பருவம் பாடம் எடுத்திருக்க வேண்டும்' என்று போடுங்கள். ஒரே தாளை இரண்டு பேர் பங்கிட்டு நடத்தினால் கருத்துத் தாளில் அலகு எண்ணையும் கேளுங்கள், இல்லையென்றால் யாரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று பிரிக்கவே முடியாது.