மியான்மர் ராணுவ அரசின் செய்தியைப் பார்ப்பது எப்படி?

என் அம்மா 1964-இல் பதினான்கு வயதில் மியான்மரின் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர். சித்தி இன்னும் அங்கேதான் இருக்கிறார். 2021 பிப்ரவரி 1-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது முதல், மதுரை செல்லூரில் எங்கள் வீட்டில் மியான்மர் அரசுத் தொலைக்காட்சியின் இரவுச் செய்தியை இணையம் வழியே பார்க்கிறோம். அங்கே எட்டு மணி என்றால் இங்கே ஏழு. அம்மா தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அங்கே உறவினர் உள்ளவர்கள் கேட்பதால் எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி போட்டு, செய்தியில் சொன்னதை இடப்பக்கத்தில் வரிசை மாறாமல் எழுதுங்கள். வலப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். அது, செய்தியில் சொல்லாமல் விட்டதை எழுதும் இடம்.

தளபதிகளின் பயணமும் விகாரைக்குக் கொடுத்த தானமும் வந்தால் ஒரு வரி போதும். ஓர் ஊரின் பெயரைச் சொல்லி ‘அங்கே அமைதி நிலவுகிறது’ என்றால் அந்தப் பெயரை வட்டமிடுங்கள். அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். விசாரிக்க வேண்டிய ஊர், அவ்வளவுதான்.

படங்களில்தான் அதிக கவனம் வேண்டும். 2021 ஏப்ரலில் நடிகர்கள், மருத்துவர்கள் எனத் தேடப்படுவோரின் படங்களை இரவுதோறும் காட்டினார்கள். 18-ஆம் தேதி, பிடிபட்ட ஆறு இளைஞர்களின் முகங்களைக் காட்டினார்கள். அம்மா எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் ‘கைது, ஆறு பேர்’ என்று எழுதியிருந்தேன். "அந்தப் பக்கத்தில் எழுது, முகமெல்லாம் வீங்கியிருக்கிறது" என்றார். அடித்ததை ஒளிக்காமல் காட்டியது, வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு விடுத்த மிரட்டல். அத்தகைய படங்களை யாருக்கும் அனுப்பாதீர்கள். நாம் அனுப்பினால் அந்த மிரட்டலை நாமே பரப்புகிறோம்.

அங்குள்ளவர்களிடம் தொலைபேசியில் அரசியல் கேட்கவே கூடாது. மாட்டிக்கொள்வது அவர்கள்தான். அந்த ஆண்டு மார்ச்சில் ஐந்து செய்தி நிறுவனங்களின் உரிமத்தை ரத்து செய்தார்கள். மே மாதம், சாட்டிலைட் டிஷ் வைத்திருந்தால் ஓராண்டுச் சிறை என்று அறிவித்தார்கள். அதனால் நாங்கள் அரிசி விலை கேட்போம், மின்சாரம் இருக்கிறதா என்போம், காளி கோயிலுக்குப் போனாயா என்போம். "நேற்று முழுக்கக் கடை திறக்கவில்லை" என்று சித்தி சொன்னால், நேற்றைய பக்கத்தைப் புரட்டி வலப்பக்கத்தில் எழுதிவிடுவேன். சில பக்கங்கள் மூன்று மாதம் கழித்துத்தான் நிரம்பும். நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.