தாழ்த்திய காரில் டயரின் உள்விளிம்பைக் காப்பாற்ற: கேம்பரைத் திட்டும் முன் டோவைப் பாருங்கள்

குட்டை ஸ்பிரிங் போட்டுக் காரைத் தாழ்த்தியவர்கள் அலைன்மென்ட்டுக்கு (சக்கரக் கோணங்களைச் சரிசெய்ய) வரும்போது பெரும்பாலும் ஒரே குறையைத்தான் கொண்டுவருகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் டயரில் பட்டன் நன்றாகவே இருக்கும். கழற்றித் திருப்பினால் உள்விளிம்பில் கம்பி பல்லிளிக்கும். "கேம்பர் நெகட்டிவ் ஆயிடுச்சு, தாழ்த்தினா அப்படித்தான்" என்று தீர்ப்பையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். இந்த வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம்; மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். அதற்குப் பங்கு உண்டு. ஆனால் டயரைத் தின்பது பெரும்பாலும் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்பகுதி உள்ளேயோ (டோ-இன்) வெளியேயோ (டோ-அவுட்) திரும்பி நிற்கும் கோணம்.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். சக்கரம் நேர்த்திசையிலிருந்து 0.1 டிகிரி விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் ஏறக்குறைய 1.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது. 0.25 டிகிரி என்றால் 4 மீட்டருக்கும் மேல். நெகட்டிவ் கேம்பர் காரின் பாரத்தை உள்விளிம்பின் மேல் தள்ளி வைத்திருப்பதால், இந்தத் தேய்ப்பு முழுவதும் அந்த விரலகலத்தில் விழுகிறது. தேய்ந்த இடத்தைப் பார்த்தவுடன் கேம்பர்மேல் பழி வருவது இதனால்தான். டோ சரியாக இருந்தால், ஒன்றரை டிகிரி நெகட்டிவ் கேம்பரோடு சாதாரண ஓட்டத்தில் டயர் நல்ல ஆயுள் வரும்.

தாழ்த்தும்போது டோ ஏன் மாறுகிறது? சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மும், அதை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராடும் வெவ்வேறு நீளம், வெவ்வேறு இடத்தில் பிணைப்பு. காரின் உயரம் குறையும்போது இரண்டும் ஒரே வளைவில் ஏறுவதில்லை. அந்த வித்தியாசம் சக்கரத்தைத் திருப்பிவிடுகிறது. உள்ளே திரும்புமா வெளியே திரும்புமா என்பது ஸ்டியரிங் ராக் அச்சுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே நண்பரின் காரில் இப்படி ஆனது, நம் காரிலும் அப்படித்தான் ஆகும் என்று எண்ண வேண்டாம். அளந்து பார்ப்பதே வழி.

கேம்பரின் போக்கும் எல்லாக் காரிலும் ஒன்றல்ல. டபுள் விஷ்போன், மல்டிலிங்க் சஸ்பென்ஷன் வகைகளில் இறக்க இறக்க நெகட்டிவ் கூடிக்கொண்டே போகும். மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டில் முதலில் கொஞ்சம் கூடும். லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விட்டால் கூடுவது நின்று, திரும்பக் குறைய ஆரம்பிக்கும். முன்னால் ஸ்ட்ரட், பின்னால் மல்டிலிங்க் உள்ள காரை இறக்கினால் முன் டயர் பிழைத்துக்கொள்ளும், பின் டயர் சத்தமில்லாமல் காலியாகும். பின்சக்கரத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லையே.

சரி, முதலில் டயரைப் பாருங்கள். முன்சக்கரத்துக்கு ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் உள்பக்கம் தெரியும். பின்சக்கரத்துக்கு போனை உள்ளே நீட்டிப் படம் எடுத்துவிடலாம். ஆழம் அளக்கும் கேஜ் இருந்தால் உள், நடு, வெளி என மூன்று இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். தேய்மானக் காட்டியை மட்டும் நம்பக் கூடாது. அந்த 1.6 மில்லிமீட்டர் மேடு பெரிய பள்ளங்களில்தான் இருக்கும், ஓரத்தில் இருக்காது. நடுவில் காட்டி தெரிவதற்கு முன்பே ஓரத்தில் கம்பி வெளியே வந்துவிடலாம்.

அடுத்து கை. டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காக மெதுவாகத் தடவுங்கள். கம்பி தெரிகிற டயரில் இதைச் செய்ய வேண்டாம், கையைக் கிழித்துவிடும். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் பட்டால் அது டோ. உள்ளிருந்து வெளியே தடவும்போது கூர்மை தட்டினால் டோ-இன் அதிகம். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது தட்டினால் டோ-அவுட். எந்தத் திசையிலும் வழவழப்பாக, ஆனால் உள்பக்கம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால் கேம்பர். சுற்றிலும் விட்டுவிட்டுக் குழிகுழியாக இருந்தால் அலைன்மென்ட்டை விடுங்கள், ஷாக் அப்சார்பர்களைப் பாருங்கள். தாழ்த்திய ஸ்பிரிங்கோடு பழைய ஷாக் அப்சார்பரையே விட்டுவைத்த கார்களில் இது சகஜம்.

ஸ்பிரிங் மாற்றுகிற அன்றைக்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் தூக்கிய நிலையில் இறுக்கக் கூடாது. பாரம் சக்கரத்தில் இறங்கி, புதிய உயரத்துக்கு வந்த பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும். சீக்கிரம் கிழியும், உயரமும் சரியாக உட்காராது. அன்றைக்கே டோவை மட்டுமாவது சரிசெய்துகொண்டு ஓட்டுங்கள். ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடி உட்கார்ந்த பின் முழு அலைன்மென்ட். "உட்காரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று டோவையும் தள்ளிப்போட்டால் புது டயர் அதற்குள் ரம்பமாகியிருக்கும்.

இயந்திரத்தில் ஏற்றும் முன் காற்றழுத்தம் சரியாக இருக்கட்டும். பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், வீல் பேரிங் எதிலும் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆடுகிற பாகத்தோடு எடுக்கிற அளவுக்கு மதிப்பே இல்லை. டிக்கியில் நிரந்தரமாக எதையாவது சுமக்கிறீர்கள் என்றால் அதோடு வாருங்கள். பெரும்பாலும் தனியாக ஓட்டுபவர் என்றால் ஓட்டுநர் சீட்டில் உங்கள் எடைக்கு ஈடாக எதையாவது வைத்து அளக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் பின்பக்கம் கேம்பர், பிறகு பின் டோ. அதன்பின் முன் காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஸ்டியரிங் திரும்பும் அச்சின் சாய்வு), முன் கேம்பர், கடைசியாக முன் டோ. கேம்பரை அசைத்தால் டோவும் அசையும், அதனால் டோவை முதலில் வைப்பது வீண். பின்பக்கத்தைத் தொடாமல் முன்பக்கத்தை மட்டும் சரிசெய்து அனுப்புகிறவர்களிடம் தாழ்த்திய காரைக் கொடுக்காதீர்கள். பின் டோ இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால், கார் நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும். ஸ்டியரிங் கோண சென்சார் உள்ள காரில் வேலை முடிந்ததும் அதையும் மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

என்ன அளவு வைப்பது? சாலையில் ஓடும் காருக்கு நான் சொல்வது இது: முன் கேம்பர் நெகட்டிவ் 1 முதல் 1.5 டிகிரி, பின்னால் அதிகபட்சம் 2. இடது வலது வித்தியாசம் அரை டிகிரிக்குள். முன் டோ பூஜ்யம் அல்லது துளி உள்ளே. பின் டோ ஒவ்வொரு சக்கரத்துக்கும் 0.1 டிகிரி அளவில் உள்ளே. பின்னால் டோ-அவுட் கூடவே கூடாது. டயர் தேய்வது இருக்கட்டும், வேகத்தில் லேன் மாறும்போதும் பிரேக் போடும்போதும் வண்டியின் பின்புறம் அலையும்.

அலைன்மென்ட் அளவுகளின் பிரிண்டைக் கையில் வாங்காமல் கிளம்ப வேண்டாம். திரையில் தெரியும் பச்சையும் சிவப்பும் கம்பெனி உயரத்துக்கான வரம்பு. தாழ்த்திய காரில் கேம்பர் சிவப்பாகவே நிற்கலாம், டோ நான் சொன்ன அளவில் இருந்தால் அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. மாறாக, வரம்பு அகலமாக உள்ள காரில் டோ பச்சையாக இருந்தும் டயர் தேயலாம். எண்ணைப் பாருங்கள், நிறத்தை அல்ல. அலகையும் பாருங்கள். 0.10 என்பது டிகிரியில் பத்தில் ஒரு பங்கு. 0°10' என்பது பத்து நிமிடம், அதாவது 0.17 டிகிரி. ஒரு சக்கரத்தின் டோவா, இரண்டும் சேர்ந்த மொத்த டோவா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேம்பர் அளவுக்கு வரவில்லை என்றால் பாகம் மாற்ற வேண்டும். ஸ்ட்ரட்டில் கேம்பர் போல்ட் போட்டால் ஒன்று, ஒன்றரை டிகிரி வரை நகர்த்தலாம். மல்டிலிங்க் பின்பக்கத்துக்கு நீளம் மாற்றக்கூடிய ஆர்ம் கிடைக்கும். இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே குறுக்குத் தண்டு இணைக்கும் ட்விஸ்ட் பீம் பின் அச்சில் சரிசெய்ய எதுவும் இருக்காது, ஆனால் அங்கே தாழ்த்துவதால் பெரிய மாற்றமும் வராது. அப்படியும் அளவு தவறினால் ஹப்புக்குப் பின்னால் ஷிம் (மெல்லிய தகடு) வைப்பார்கள். இவையெல்லாம் செய்தும் கேம்பர் 3 டிகிரியில் நிற்கிறதென்றால் காரைக் கொஞ்சம் ஏற்றுங்கள். தோற்றத்துக்காக அதையே வைத்துக்கொள்வேன் என்றால் அது உங்கள் விருப்பம், டயர் செலவையும் சேர்த்தே விரும்புங்கள்.

உள்பக்கம் கொஞ்சம் தேய்ந்து, கம்பி தெரியாத டயரை இன்னும் ஓட்ட வழி உண்டு. சமச்சீர் வடிவ டயரை ரிம்மிலிருந்து கழற்றிப் புரட்டிப் போட்டால் உள்விளிம்பு வெளியே வரும். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் இடது டயரை வலது ரிம்முக்கும், வலதை இடதுக்கும் மாற்றினால் போதும். திசையும் கெடாது, உள்வெளியும் மாறும். வெளிப்பக்கம் எது என்று பக்கச்சுவரில் எழுதியிருக்கும் டயரில் இந்த வித்தை நடக்காது.

அதன்பிறகு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அந்த மூன்று இடத்து ஆழத்தை அளந்து பழைய அளவோடு ஒப்பிடுங்கள். உள்பக்கம் மட்டும் வேகமாகக் குறைந்தால் டோவை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பெரிய பள்ளத்தில் இறங்கினாலோ, டை ராட் எண்ட் மாற்றினாலோ, காரின் உயரத்தை மறுபடி தொட்டாலோ, 5,000 வரை காத்திருக்க வேண்டாம்.